பத்து ஏக்கர் கேட்கும் நாய்

எங்கள் வீட்டில் வளரும் கன்னி இன வேட்டை நாய் மைனாவைப் பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "கன்னி நாயாச்சே, இதைப் போய் அம்மாப்பேட்டையில வச்சு வளக்கறீங்களா?" கேட்பவருக்குக் கொஞ்சம் நாய் தெரியும் என்றால் அடுத்த வரியும் உடனே வந்துவிடும்: "இதுக்கெல்லாம் பத்து ஏக்கர் காடு வேணுங்க." கல்யாண வீட்டில், கால்நடை மருந்தக வாசலில், ஒரு தடவை ரேஷன் கடை வரிசையில்கூட இதைக் கேட்டுவிட்டேன். 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசி, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு இது இன்னும் கூடிப்போனது. அதுவரை "என்ன இது எலும்பும் தோலுமா இருக்கு, சோறு கீறு போடறதில்லையா?" என்று விசாரித்தவர்கள்கூட ஒரே வாரத்தில் நாட்டு நாய் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் வாயிலும் அதே பத்து ஏக்கர். எட்டும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. யார் அளந்து சொன்னார்களோ தெரியாது.

எங்களிடம் பத்து ஏக்கர் இல்லை. சேலம் அம்மாப்பேட்டையில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிற வீடு. வாசலில் சின்னத் திண்ணை, பின்னால் துணி துவைக்கிற கல், மேலே மொட்டை மாடி. அவ்வளவுதான் சொத்து. இந்த வீட்டில்தான் மைனா 2020 ஊரடங்கைக் கழித்தாள். வெளியே கால் வைக்க வழியில்லாத அந்த மாதங்களில் என் கண்ணால் பார்த்தது இந்தப் பத்து ஏக்கர் கணக்கோடு ஒத்துப்போகவே இல்லை. கேட்கிறவர்களிடம் ஒவ்வொரு முறையும் நின்று விளக்க முடியாது, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் விஷயம் மனசுக்குள் கிடந்து உறுத்துகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நாய் என்னுடையதும் இல்லை. தம்பி கோவில்பட்டிப் பக்கம் போய் ஆசைப்பட்டு வாங்கி வந்த குட்டி. கறுப்பு உடம்பு, கண்களுக்கு மேலே தவிட்டு நிறத்தில் இரண்டு பொட்டு, அதே நிறத்தில் நாலு பாதம், உள்ளே ஒட்டிய வயிறு. அவனுக்கு வேலை பெங்களூரில். சனி ஞாயிறு வந்து, ஊருக்கு வெளியே கூட்டிப்போய் ஓடவிட்டு, திங்கட்கிழமை விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவான். வாரம் முழுக்க அம்மாவும் நானும் அவளுக்குச் சோறு வைக்கிற ஆட்கள், அவன் வந்தால் அவளுக்குத் திருவிழா. இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 போட்டார்கள். மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. தம்பி பெங்களூரில் மாட்டிக்கொண்டான். "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கக்கா" என்று போனில் சொன்னான். மைனாவுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. வேட்டைக்கென்றே வளர்த்தெடுத்த இனம், முதல் வயதின் முழு வேகம், கதவு சாத்திய வீடு. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன.

ஆள் இல்லாத தெரு

தெருவே காலி, நாயை ஓடவிட இதைவிட நல்ல நேரம் ஏது என்று அப்போது பெரியம்மா மகன் ஒருவன் கேட்டான். அவன் இருப்பது அழகாபுரம் பக்கம், காம்பவுண்டுச் சுவர் உள்ள வீடு. அவர்கள் வீட்டு நாய்க்கு ஊரடங்கு வந்ததே தெரிந்திருக்காது.

முதலில் சட்டம். கால்நடை மருத்துவமனை திறந்திருக்கலாம், தீவனம் விற்கலாம் என்று விதிவிலக்கில் இருந்தது. நாயை நடத்திக் கூட்டிப்போகலாமா என்பதற்கு ஒரு வரி கிடையாது. ஸ்பெயினில் மார்ச் 14 முதல் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டபோதே நாயோடு வெளியே வருவதற்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். பிரான்சில் தாளில் நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள், 1 மணி நேரம் போய்வரலாம். நம்மூரில் அதெல்லாம் முக்கில் நிற்கிற காவலரின் மனநிலையைப் பொறுத்தது. காலையில் பால் வாங்குகிற நேரத்தோடு மைனாவையும் இழுத்துக்கொண்டு போவேன். ஒருநாள் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றவர் கேட்டார்: "ஏம்மா, பாலுக்கு வந்தியா, நாய்க்கு வந்தியா?" "ரெண்டுக்கும்தாங்க சார்." "ஒண்ணுக்கு மட்டும்தான் வரணும்." "அதுவும் ஒண்ணுக்குத்தான் சார் வந்திருக்கு." மாஸ்க்குக்கு மேலே அவர் கண் சிரித்தது. சிரித்தாலும், "நாளையில இருந்து வேண்டாம்மா, மேலதிகாரி பாத்தா எனக்குத்தான் திட்டு" என்றார். அதுவும் நியாயம்தான்.

அவர் விட்டிருந்தாலும் ரொம்ப தூரம் போயிருக்க முடியாது. காரணம் தெருநாய்கள். மனிதர்கள் இல்லாத தெருவைக் காலித் தெரு என்று நாம்தான் நினைக்கிறோம். எங்கள் பகுதித் தெருநாய்களுக்குச் சோறு போட்டது டீக்கடையும் பரோட்டாக் கடையும் கறிக்கடையும் தட்டுவடை செட் போடுகிற தள்ளுவண்டியும். எல்லாம் ஒரே நாளில் மூடியாயிற்று. பசித்த நாய் தன் எல்லையை முன்னைவிட இறுக்கிப் பிடிக்கிறது. சாதாரண நாட்களில் ஸ்கூட்டரும் சைக்கிளும் ஆட்களும் குறுக்கே போய்க்கொண்டே இருப்பதால் நாய்க்கும் நாய்க்கும் நடுவில் ஒரு திரை இருக்கும். அந்தத் திரை விழுந்ததும், நூறடி தூரத்தில் இருந்தே மைனாவை அவை பார்த்துவிடும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சோறு பிசைந்து எடுத்துப் போய் முக்கில் வைக்க ஆரம்பித்த பிறகு ஓரளவு சமாதானம் ஆயிற்று. ஆனால் அந்தச் சமாதானம் எனக்கு மட்டும்தான், மைனாவுக்கு இல்லை.

இதற்கிடையில் வதந்தி வேறு. ஹாங்காங்கில் ஒரு பொமரேனியனுக்கு கொரோனா பரிசோதனையில் லேசாக பாசிட்டிவ் வந்த செய்தி பிப்ரவரி கடைசியிலேயே வந்திருந்தது. ஏப்ரலில் நியூயார்க் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் ஒரு புலிக்கு வந்தது. அந்த இரண்டுக்கும் தொற்று மனிதர்களிடமிருந்து போனதாகத்தான் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் வரும்போது அது நாயிடமிருந்து மனிதருக்கு என்று திரும்பிவிட்டது. எதிர்வீட்டுப் பாட்டி மைனாவைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார். அதே பாட்டிதான் முந்தைய மாதம் வரை பிஸ்கட் போட்டவர்.

கடைசியில் ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு என்றார்கள். மளிகைக் கடைகூடக் கிடையாது. வாசற்கதவையே சாத்திவிட்டோம். மிச்சம் இருந்தது மொட்டை மாடி.

மாடியும் பந்தும்

தம்பி போனிலேயே பயிற்சியாளர் ஆகிவிட்டான். பந்தை வீசு, ஓடி எடுத்துட்டு வரட்டும், களைச்சுப் படுத்துடும் என்றான். பந்தை வீசினால் மைனா ஓடுவாள், உண்மை. எடுத்து வரமாட்டாள். பார்வையால் துரத்துகிற நாய்க்கு ஓடுகிற பொருள்தான் முக்கியம். நின்றுபோன பந்தில் அவளுக்கு என்ன இருக்கிறது? பந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்கும், அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள், நான் போய் எடுத்து வருவேன். அந்த ஏற்பாட்டில் உடற்பயிற்சி நடந்தது எனக்குத்தான். அப்புறம் பழைய துண்டைக் கயிற்றில் கட்டி, கயிற்றை ஒரு ஒட்டடைக் குச்சியில் கட்டி, தரையோடு தரையாகச் சுழற்ற ஆரம்பித்தேன். அது வேலை செய்தது. இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தக் கைப்பிடிச் சுவர் வரை தறியில் நாடா போகிற மாதிரி போய்ப்போய் வந்தாள். அம்மா மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, "சுவத்தைத் தாண்டிடப் போகுதுடி" என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அவள் உயரத்துக்கு எங்கள் கைப்பிடிச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

நேரமும் குறைவு. சேலத்துச் சித்திரை எப்படி என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு மாடித் தட்டோடு காலைச் சுடும். புறங்கையைத் தரையில் வைத்துச் சில விநாடிகள் தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், நாய்க்குச் சூட்டை வெளியேற்ற முக்கியமான வழி வாயைத் திறந்து இளைப்பதுதான். உச்சி வெயிலில் ஓடவிட்டால் வெப்பத் தாக்குதலில் உயிரே போய்விடும். ஆக, விடிந்தும் விடியாமல் ஒரு ஓட்டம், விளக்கு வைத்த பிறகு ஒரு ஓட்டம்.

இதில்தான் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. ஓட்டம் கூடக்கூட மைனா அடங்கவில்லை, கூடிக்கொண்டே போனாள். துண்டைச் சுற்றி முடித்துக் கீழே வந்தால் படுக்கமாட்டாள். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடை. நாற்காலிக் காலைக் கடிப்பது, அம்மாவின் ரப்பர் செருப்பைக் காது வரை மென்று வைப்பது, நடுராத்திரியில் பல்லியைப் பார்த்துச் சுவரில் ஏறுவது. முந்தைய வாரம் கொஞ்ச நேரத்தில் நாக்கைத் தொங்கப்போட்டவள், இந்த வாரம் அதே ஓட்டத்தைச் சாதாரணமாக ஓடிவிட்டு இன்னும் எங்கே என்று நிற்கிறாள். யோசித்தால் ஆச்சரியமே இல்லை. தினமும் ஓடினால் யாருக்கும் தம் கூடும். ஓட்டப் பந்தயக்காரரைத் தினமும் ஓடவிட்டுக் களைப்படைய வைக்க முடியுமா? அதோடு துரத்தல் என்பது ஒரு வெறி. மூளை முறுக்கேறி நிற்கும்போது துண்டைச் சட்டென்று ஒளித்து வைத்துவிட்டால், அந்த முறுக்கு இறங்க நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் ஒரு செருப்பு போயிருக்கும்.

தம்பியிடம் சொன்னேன். "அதான் சொல்றாங்க, பத்து ஏக்கர் வேணும்னு" என்றான். வாங்கி வந்தவனே சொல்கிறான்!

வத்தல் போட்ட நாள்

ஊரடங்கில் எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒன்று செய்தார்கள். எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் வத்தல் போட்டார்கள். சேலத்தில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? ராத்திரியே ஊறவைத்து, விடியற்காலையில் கஞ்சியாகக் காய்ச்சி, பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்துக் கலந்து, எலுமிச்சை பிழிந்து, அப்பாவின் பழைய வேட்டிகளை மாடியில் விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றி வைத்தார்கள். மைனாவைத் தொட்டி நிழலில் கட்டிப்போட்டாயிற்று. காக்கா வந்தால் குரைக்க ஒரு ஆள் கிடைத்தது என்றார் அக்கா. அன்றைக்குக் காலை ஓட்டம் கிடையாது, மாடி முழுக்க வேட்டி. இன்றைக்கு வீட்டில் என்னவெல்லாம் போகப்போகிறதோ என்று செருப்புகளையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் வேட்டிகளைச் சுருட்டிய பிறகு அவிழ்த்துவிட்டேன். ஓடுவாள் என்று ஒதுங்கி நின்றேன். ஓடவில்லை. வேட்டி கிடந்த இடத்தில் மூக்கை வைத்தாள், எடுக்கவே இல்லை. கஞ்சி சொட்டிய இடம், அக்காவின் காலடி, அணில் வந்துபோன கைப்பிடிச் சுவரின் ஓரம், எறும்பு ஒரு துணுக்கை இழுத்துப்போன கோடு என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். நான் குத்துக்காலிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு விசைத்தறிகள் நின்று வாரக்கணக்கில் ஆகியும் மாடியின் மூலைகளில் பஞ்சுத் தூசி இன்னும் படிந்திருந்தது. அந்தத் தூசியில் அவள் மூச்சு போகிற வழி தெளிவாகத் தெரிந்தது. உள்ளே இழுப்பது மூக்கின் முன்துளை வழியாக. வெளியே விடுவது துளையின் இரண்டு பக்கமும் இருக்கிற சின்னக் கீற்று வழியாக. வலது பக்கம் ஒரு தூசிச் சுருள், இடது பக்கம் ஒரு தூசிச் சுருள். முன்னால் இருக்கிற தூசி கலையவே இல்லை. வெளியே விடுகிற மூச்சு மோப்பத்தைக் கலைத்துவிடாமல் இருக்கத்தான் நாய் மூக்கில் அந்த அமைப்பு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் சில பத்து லட்சம் என்றால் நாய்க்குப் பத்து கோடியைத் தாண்டும் என்கிறார்கள். கண்ணால் வேட்டையாடுகிற நாய் என்று பெயர் வாங்கிய கன்னிக்கும் அதே மூக்குதான். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இருட்டுகிற வரை அந்த வேலை நடந்தது. கீழே வந்தாள், தண்ணீர் குடித்தாள், கூடத்தில் நீளமாகப் படுத்தாள். அம்மா சோற்றுத் தட்டை வைக்கிற சத்தத்துக்குத்தான் எழுந்தாள். செருப்புகள் பரணிலேயே இருந்தன. "என்னடி இது, உடம்பு சரியில்லையா?" என்று அம்மா அவள் காதைத் தொட்டுப் பார்த்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இப்படிப் படுத்துத் தூங்குகிற நாயை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்தது தம்பி ஊருக்கு வெளியே கூட்டிப்போய் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவளைக் களைக்க வைத்தது ஓட்டம்தானா, அல்லது ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அவள் முகர்ந்து திரிந்த வேலியும் வரப்பும் எலிப் பொந்துமா என்று எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

அதன் பிறகு நடந்ததில் என் பங்கு குறைவு, அம்மாவுடையதும் பக்கத்து வீட்டு அண்ணனுடையதும்தான் அதிகம். அண்ணன் விசைத்தறி வைத்திருப்பவர். பொழுது விடிந்தால் ராத்திரி வரை ஓடுகிற தறி நின்றுபோய், போட்ட பாவு அப்படியே கிடந்தது. "சத்தம் இல்லாம எனக்கே தூக்கம் வரமாட்டேங்குது கண்ணு, அது என்ன பண்ணும் வாயில்லா ஜீவன்" என்று தன் மாடியிலிருந்து மைனாவைப் பார்த்துச் சொன்னவர், ஒரு சாக்கு நிறையக் காலி நூல் கோன் கொண்டுவந்து கொடுத்தார். நூல் சுற்றி வருகிற அட்டைக் கோன். அதை மாடி முழுக்க நிறுத்திவைத்து, இரண்டு மூன்றில் மட்டும் கருவாட்டுத் தலை. கருவாட்டை அம்மா முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி உப்பை எடுத்துவிடுவார். அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது. கருவாடு இல்லாத நாளில் அவித்த முட்டைத் துண்டு, சனிக்கிழமை அம்மா அதையும் தொடமாட்டார் என்பதால் வேகவைத்த சர்க்கரைவள்ளி. முதல் நாள் மைனா எல்லாக் கோனையும் தட்டிவிட்டாள். நாலைந்து நாளில் தட்டுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றின் வாயிலும் மூக்கை வைத்து, காலியை விட்டுவிட்டு நகர்ந்தாள். அண்ணன் இன்னும் கடினமாக்கினார். கோனைத் தேங்காய் நாருக்குள் புதைத்தார், பழைய சேலையில் முடிந்தார், தன் வீட்டு மாடியில் வைத்துவிட்டு இரண்டு வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு பலகையும் போட்டார். அவர் மனைவி, "வீட்டுக்கு ஒரு வேலை சொன்னா செய்ய ஆள் இல்ல, நாய்க்கு எடுபிடி" என்று கீழேயிருந்து கத்துவார். தறி மறுபடி ஓட ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நாள் அவர் சாயங்காலம் மாடிக்கு வந்துகொண்டிருந்தார்.

பத்து ஏக்கரில் கட்டிப்போட்ட நாய்

ஓடவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை என்று ஆனதும் தம்பி வந்துசேர்ந்தான். வந்த வேகத்தில் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றான். ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரிக்கு மட்டும் இ-பாஸ் தொடர்ந்தது, விட்டுவிட்டோம். ஆத்தூர் ரோட்டுப் பக்கம் தண்ணீர் வற்றிய ஒரு ஏரிக்குள் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டான். அப்பப்பா, அந்த ஓட்டத்தை மாடியில் ஒருநாளும் பார்க்க முடியாது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும், ஒரே பாய்ச்சலுக்குள் இரண்டு முறை நாலு காலும் தரையை விட்டு எழும்புகின்றன. முன்னும் பின்னும் நீட்டி விரிந்திருக்கும்போது ஒரு முறை, நாலும் வயிற்றுக்கு அடியில் மடங்கும்போது இன்னொரு முறை. தம்பி கைதட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் பெரிய வட்டமாக இரண்டு சுற்று வந்தாள், மூன்றாவதில் பாதியில் விட்டுவிட்டுக் கருவேல மர நிழலுக்கு வந்து நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். மொத்த ஓட்டமே சில நிமிடம். இந்த இனம் ஓடுவது அப்படித்தான், முயல் கிடைக்கிற வரைக்குமோ தப்பிக்கிற வரைக்குமோ. நாள் முழுக்க ஓடுகிற உடம்பு அது இல்லை. மிச்ச நேரமெல்லாம் கரையோரம் மோப்பம் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தச் சில நிமிடம் அவளுக்கு வேண்டும், வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்குப் பட்டா எதற்கு?

திரும்பும்போது வாழப்பாடிப் பக்கம் தம்பியின் நண்பன் தோட்டத்தில் இறங்கினோம். பாக்கு, தென்னை, கிணறு, பத்து ஏக்கருக்கு மேலேயே இருக்கும். அங்கே ஒரு சிப்பிப்பாறை நாய். தென்னை மரத்தில் சங்கிலியால் கட்டியிருந்தது. மரத்தைச் சுற்றி அது நடந்து நடந்து வட்டமாக மண் தேய்ந்து வேர் தெரிந்தது. ஏன் கட்டியே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவுத்துவிட்டா பக்கத்துக் காட்டு ஆட்டையும் கோழியையும் பிடிச்சுடுதுங்கக்கா. பஞ்சாயத்து பேசி மாளல" என்றான். பொய்யில்லை, ஓடுகிற எதையும் துரத்துவதற்கென்றே பிறந்த நாய். வேலி இல்லாத பத்து ஏக்கரில் அதை அவிழ்த்துவிட முடியாது. ராத்திரி அவிழ்ப்போம் என்றான். பேச்சோடு பேச்சாக மைனாவைப் பார்த்துவிட்டு, "டவுன்ல பாவங்க இது, இதுக்கெல்லாம் இடம் வேணும்" என்றும் சொன்னான். தம்பி என்னைப் பார்த்தான், நான் கிணற்றைப் பார்த்தேன்.

என் கட்சிக்கு எதிராக நானே சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அந்த மாதங்களில் வீட்டில் எல்லோரும் இருந்தோம். அம்மா இருந்தார், நான் இருந்தேன், வேலையில்லாமல் பக்கத்து மாடியில் அண்ணன் இருந்தார். அலுவலகம் முழுதாகத் திறந்து நான் காலையில் கிளம்ப ஆரம்பித்ததும் மைனா மறுபடி ஒரு செருப்பைத் தின்றாள். கிளம்புவதற்கு முன்னால் கோன்களைப் பரப்பி வைத்துவிட்டுப் போகிற பழக்கம் அப்போது வந்ததுதான். காலையில் நாய்க்கு ஒதுக்க அரை மணி நேரம் இல்லாத வீடாக இருந்தால், கன்னி என்ன, பொமரேனியன்கூட வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். நாய் வாங்க யோசனை கேட்கிறவர்களிடம் நான் இப்போது நிலத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் கேட்கிறேன். நிறையப் பேருக்குக் கோபம் வருகிறது.

2021 மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் பதறவில்லை. ஜூனில் வண்டலூர் பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து, நீலா என்ற பெண் சிங்கம் இறந்த செய்தி வந்ததும் எதிர்வீட்டுப் பாட்டி மறுபடி முந்தானையை எடுத்தார், அதோடு சரி. அம்மா அதற்குள் தெருவில் ஒரு ஆலோசகர் ஆகியிருந்தார். இரண்டு வீடு தள்ளி ஒரு லாப்ரடார், வீட்டையே இரண்டாக்குகிறது என்று அவர்கள் புலம்ப, அம்மா தேங்காய் நார், கோன், கழுவின கருவாடு என்று முழுச் செய்முறையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். மைனாவை வைத்துப் போட்ட கணக்கு. லாப்ரடார் வேறு சாதி. அது கருவாட்டைத் தேடவில்லை, கருவாடு, கோன், தேங்காய் நார் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மறுநாள் காலை அந்த வீட்டுக்காரர் நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனார், தடுப்பில் யாரும் நிறுத்தவில்லை. நாய் வாந்தி எடுத்துப் பிழைத்துக்கொண்டது. அவர் வீட்டம்மா அம்மாவிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.